பக்கத்திலேயே மெரினா... ஆனாலும் கடல் மீன் தொட்டிக்குத் தண்ணீரை வீட்டில் கலப்பது ஏன்?

மயிலாப்பூரில் இருந்து பட்டினப்பாக்கம் கடற்கரைக்கு பைக்கில் ஐந்து நிமிடம்தான். அடையாறு ஆட்களுக்கு எலியட்ஸ் பீச் கூப்பிடு தூரம். தி.நகரில் இருந்தும் டிராஃபிக் இல்லாத ஞாயிற்றுக்கிழமை காலையில் கால் மணி நேரத்தில் கடலுக்குப் போய்விடலாம். இப்படி ஒரு ஊரில், வீட்டில் கடல் மீன் வளர்க்க ஆசைப்பட்டு கடைக்குப் போனால், கடைக்காரர் 'மரைன் சால்ட் மிக்ஸ்' என்று ஒரு வாளி உப்பை எடுத்து வைத்து ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார். யாருக்கும் உடனே தோன்றுவது இதுதான்: "பீச்ல இவ்ளோ தண்ணி சும்மா கெடக்கு, ரெண்டு கேன் மொண்டுட்டு வந்தா போதாதா?"

இன்னொரு கேள்வியும் உண்டு. வீட்டில் பெரியவர்கள் கேட்பது: "உப்புத் தண்ணிதானே வேணும், மளிகைக் கடையில கல் உப்பு வாங்கிக் கரைச்சா என்ன?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் பதில் 'கூடாது' என்பதுதான். ஏன் கூடாது என்பது புரிந்துவிட்டால், தண்ணீரைக் கலப்பதும் சேமிப்பதும் பாதி புரிந்த மாதிரி.

சென்னைக்கு இந்த ஆசை புதிதல்ல. ஆசியாவின் தொடக்ககால பொது மீன் காட்சியகங்களில் ஒன்று 1909-ல் திறக்கப்பட்டது மெரினாவில்தான். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் வந்தது அது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல் மூடப்பட்டது. காட்சியகத்துக்கு எதிரிலேயே கடல் இருந்தது. மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இரண்டடி தொட்டி வைக்கிறவருக்கு அந்த வசதி கிடையாது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். கொளத்தூரில் வாங்கும் கப்பி, மோலி எல்லாம் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தவை. கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை இன்னும் பவளப் பாறைகளில் இருந்து பிடித்து வரப்படுபவை. தண்ணீர் சரியில்லாமல் ஒரு மீன் செத்தால், அதற்குப் பதில் இன்னொன்றைக் கடலில் இருந்துதான் பிடிக்க வேண்டும். 'நீமோ' என்று குழந்தைகள் கேட்கும் க்ளவுன் மீன் இதற்கு விதிவிலக்கு. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதைக் குஞ்சு பொரிக்க வைக்கும் தொழில்நுட்பத்தை உருவாக்கியிருக்கிறது. முதல் மீனாக, பண்ணையில் பிறந்த க்ளவுன் மீனைக் கேட்டு வாங்குவது நல்லது.

மெரினா தண்ணீரில் என்ன பிரச்சினை?

மேப்பைத் திறந்து பாருங்கள். மெரினாவின் வடக்கு முனையில், நேப்பியர் பாலத்தைத் தாண்டி கூவம் கடலில் கலக்கிறது. தெற்கே, பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே அடையாறு கலக்கிறது. இரண்டு ஆறுகளும் கொண்டுவருவது என்ன என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடல் பெரியது, எல்லாம் கரைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் நாம் கேனில் மொள்வது நடுக்கடல் தண்ணீரை அல்ல, முழங்கால் ஆழத்தில் கரையோரத் தண்ணீரை. கழிவுநீரில் இருந்து வரும் நைட்ரேட், பாஸ்பேட், கிருமிகள் எல்லாம் அதிகமாக இருக்கிற இடம் அதுதான்.

அன்றாட அழுக்கு போக, எதிர்பாராத அழுக்கும் உண்டு. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டதில் கொட்டிய எண்ணெய், சில நாட்களில் மெரினா வரைக்கும் வந்தது. தன்னார்வலர்கள் வாளி வாளியாகக் கறுப்புக் குழம்பை அள்ளியது நினைவிருக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எண்ணூர்ப் பக்கம் எண்ணெய்ப் படலம். இப்படி ஒரு நாளில் கொஞ்ச தூரம் தள்ளி மொண்ட தண்ணீர் பார்ப்பதற்குத் தெளிவாகவே இருக்கலாம்.

தெளிவான தண்ணீரும் வெறும் தண்ணீர் இல்லை. 2019 ஆகஸ்டில் ஒரு ராத்திரி பெசன்ட் நகர், திருவான்மியூர் அலைகள் நீல நிறத்தில் மின்னியதைப் பார்க்க ஊரே கிளம்பிப் போனது. மின்னியது நாக்டிலுகா என்ற நுண்ணுயிர். மின்னாத நாட்களிலும் கடல்நீரில் இதுபோன்ற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் ஏராளம். அவற்றை மூடிய கேனில் அடைத்து, வெயிலில் கொண்டுவந்து, இரண்டு நாள் ஓரமாக வைத்தால் அவை சாகும், அழுகும், தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைக் காலி செய்யும். கேனைத் திறக்கும்போது வரும் வாடையே சொல்லிவிடும்.

இதற்கெல்லாம் மேல் ஒன்று: கடலின் உப்பு அளவு வருஷம் முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. உலகப் பெருங்கடல்களின் சராசரி, ஒரு கிலோ தண்ணீருக்கு சுமார் 35 கிராம் உப்பு. வங்காள விரிகுடா அப்படி இல்லை. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோர நீரோட்டத்தோடு தெற்கு நோக்கி நம் கடற்கரைக்கு வருகிறது. கூடவே நம் ஊர் மழையும் சேரும். அந்த மாதங்களில் சென்னைக் கரையோரத்தில் உப்பு அளவு 30-க்கும் கீழே போவது உண்டு. ஏப்ரலில் மொண்ட தண்ணீரும் நவம்பரில் மொண்ட தண்ணீரும் ஒன்றல்ல.

மீனுக்கு இது ஏன் முக்கியம்? கடல் மீனின் உடம்புக்குள் இருக்கும் உப்பு, வெளியே இருக்கும் தண்ணீரைவிடக் குறைவு. அதனால் அதன் உடம்பில் இருந்து தண்ணீர் வெளியே போய்க்கொண்டே இருக்கும். ஈடுகட்ட அது கடல்நீரைக் குடித்து, உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றுகிறது. 24 மணி நேரமும் நடக்கிற வேலை இது. வெளியே உப்பு அளவு திடீரென்று ஏறி இறங்கினால் அந்தக் கணக்கு தடுமாறும். இறால், நட்சத்திர மீன், கடல் சாமந்தி போன்றவற்றுக்கு அந்த அளவுக்குக்கூடச் சமாளிக்கும் ஏற்பாடு கிடையாது. வெளியே என்ன அளவோ, அதுவே உள்ளேயும். முதலில் போய்ச் சேர்வதும் அவைதான்.

உப்புத் தண்ணீர் வேறு, கடல் தண்ணீர் வேறு

இப்போது கல் உப்புக்கு வருவோம். ஈ.சி.ஆரில் போகும்போது மரக்காணத்தில் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நடப்பதை ஒரு வரியில் சொல்வதென்றால், கடல்நீரில் இருந்து மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு சோடியம் குளோரைடை மட்டும் எடுப்பது. தண்ணீர் ஆவியாக ஆவியாக, முதலில் சுண்ணாம்பு படிகிறது. அடுத்து ஜிப்சம் படிகிறது. அதாவது, கால்சியத்தில் பெரும்பகுதி அங்கேயே போய்விட்டது. அதற்குப் பிறகுதான் உப்பு விளைகிறது. கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் இருக்கிறது, அதை வடித்துவிடுகிறார்கள். சமையலுக்கு இது சரி. கசக்காத உப்புதானே நமக்கு வேண்டும்.

மீனுக்கும் பவளத்துக்கும் அந்தக் கழற்றிவிட்டதும் வேண்டும். ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 1.3 கிராம் மெக்னீசியம், 0.4 கிராம் கால்சியம், அதே அளவு பொட்டாசியம், 2.7 கிராம் சல்பேட் இருக்கின்றன. பி.ஹெச். அளவை 8-க்குச் சற்று மேலே தாங்கிப் பிடிக்கிற பைகார்பனேட்டும் இருக்கிறது. கல் உப்பைக் கரைத்தால் நாக்குக்குக் கடல் மாதிரிதான் இருக்கும், அவ்வளவுதான். கடையில் விற்கும் மரைன் சால்ட் மிக்ஸ் என்பது இவை எல்லாவற்றையும் சரியான விகிதத்தில் திரும்பச் சேர்த்த கலவை. விலைக்குக் காரணம் அதுதான்.

ஒரு சின்ன எச்சரிக்கை. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியில் கல் உப்பு நீர்த்துப்போவதைப் பார்த்திருப்போம். அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சநஞ்ச மெக்னீசியம் காற்றில் உள்ள ஈரத்தை இழுப்பதுதான் காரணம். சால்ட் மிக்ஸில் மெக்னீசியம் பல மடங்கு அதிகம் என்பதால், சென்னைக் காற்றில் வாயைத் திறந்து வைத்த பை சில வாரங்களில் பாறையாகிவிடும். வாங்கியதும் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி வையுங்கள். எடுக்கும் முன்பு ஒருமுறை நன்றாகக் குலுக்குங்கள். பொடியாக இருப்பது அடியில் இறங்கி, பெரிய துகள் மேலே நின்றுவிடும். மேலாக மட்டும் அள்ளினால் விகிதம் மாறிவிடும்.

எந்தத் தண்ணீரில் கலப்பது?

புதிதாக ஆரம்பிப்பவர்கள் உப்பின் பிராண்டைப் பற்றி ஒரு வாரம் யோசிப்பார்கள். அதைக் கரைக்கும் தண்ணீரைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்க மாட்டார்கள். சென்னையில் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். லாரி தண்ணீரிலும் இருக்கும். போர் தண்ணீர் ஏரியாவுக்கு ஏரியா மாறும். சில தெருக்களில் இரும்பால் மஞ்சளாக வரும், கடலை ஒட்டிய தெருக்களில் அதுவே உப்பு கரிக்கும். போதாததற்கு, அபார்ட்மென்ட்டில் இவை எல்லாம் ஒரே சம்பில் கலந்து மேலே ஏறுகின்றன. இந்த வாரம் குழாயில் வந்தது எந்தத் தண்ணீர் என்று வாட்ச்மேனைக் கேட்டால்தான் தெரியும்.

அதனால் ஆர்.ஓ. தண்ணீர் அவசியம். "வீட்லதான் ஆர்.ஓ. இருக்கே" என்று நிம்மதி அடைய வேண்டாம். குடிநீருக்கான ஆர்.ஓ. மெஷின்கள் பலவற்றில் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒன்று உண்டு. சுத்தமான தண்ணீர் குடிப்பதற்குச் சப்பென்று இருக்கும் என்பதால், வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலந்துவிடும் ஏற்பாடு அது. சிலவற்றில் மினரல் கார்ட்ரிட்ஜும் உண்டு. குடிக்க நல்லதுதான். மீன் தொட்டிக்கு டிடிஎஸ் பூஜ்யத்துக்கு மிக அருகில் இருக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் பேனாவை நனைத்துப் பாருங்கள். 60, 80 என்று காட்டினால் அது உங்களுக்கான தண்ணீர், மீனுக்கானது அல்ல. ஆர்.ஓ.வுக்குப் பிறகு டி.ஐ. ரெசின் என்ற இன்னொரு கட்டமும் இருக்கிற மீன் தொட்டி ஃபில்டர் தனியாகக் கிடைக்கிறது. கேன் தண்ணீரும் குடிப்பதற்காகத் தயாரித்ததுதான். அவசரத்துக்குக்கூட டிடிஎஸ் பார்க்காமல் ஊற்ற வேண்டாம்.

ஏசியில் இருந்து சொட்டும் தண்ணீர்? இதைக் கேட்காத சென்னைக்காரர் இல்லை. காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்து வருவதால் அதில் உப்புகள் அநேகமாக இருக்காது, டிடிஎஸ் பேனாவும் நல்ல எண்ணைக் காட்டும். ஆனால் பல ஏசிகளில் அந்த ஈரம் படிவது செம்புக் குழாய்கள் மேல். இறால், நத்தை, பவளம் போன்றவற்றுக்குச் செம்பு மிகச் சிறிய அளவிலேயே விஷம். டிடிஎஸ் பேனாவுக்கு அந்தச் சிறிய அளவு தெரியாது. துணி அயர்ன் பண்ண, செடிக்கு ஊற்ற ஏசி தண்ணீர் போதும். தொட்டிக்கு வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தென்சென்னையின் பல பகுதிகளுக்கு வரும் மெட்ரோ வாட்டரில் ஒரு பங்கு, நெம்மேலியில் கடல்நீரில் இருந்து உப்பை நீக்கித் தயாரிப்பது. அங்கே முதல் ஆலை 2013-லும், இன்னும் பெரிய இரண்டாவது ஆலை 2024-லும் திறக்கப்பட்டன. அங்கேயும் ஆர்.ஓ.தான். ஆக, கடலில் இருந்து உப்பை நீக்கி நகரம் அனுப்பும் தண்ணீரை, வீட்டில் இன்னொரு தடவை வடிகட்டி, காசு கொடுத்து வாங்கிய உப்பைப் போட்டுத் திரும்பக் கடலாக்குகிறோம்.

அப்படி வடிகட்டும்போது ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாக வெளியே போகும். 2019 கோடையில் குடத்தோடு லாரிக்கு நின்ற ஊர் இது. அந்தக் கழிவுநீர்க் குழாயை ஒரு வாளியில் விடுங்கள். தரை துடைக்க, பாத்ரூம் கழுவ தாராளமாகப் போதும்.

கலக்கும்போது

100 லிட்டர் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். வாரம் பத்து லிட்டர் மாற்றினால், மாதத்துக்கு 40 லிட்டர். லிட்டருக்கு 37 கிராம் போல என்றால் சுமார் ஒன்றரை கிலோ உப்பு. பிராண்டுக்கு பிராண்டு அளவு மாறும், பையில் போட்டிருப்பதைப் பாருங்கள். உப்பில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால்தான் 35 இல்லாமல் 37, 38 என்று வருகிறது.

முதலில் தண்ணீர், பிறகு உப்பு. இந்த வரிசையை மாற்றக் கூடாது. டிரம்மில் தண்ணீரை நிரப்பி, உள்ளே ஒரு சின்ன பம்பை ஓடவிட்டு, உப்பை ஒவ்வொரு கப்பாகப் போடுங்கள். அடியில் உப்பைக் கொட்டிவிட்டு மேலே தண்ணீரைத் திறந்தால், அந்தக் கெட்டியான குழம்பில் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து சுண்ணாம்பாகிவிடும். பால் மாதிரி வெளுத்த அந்தப் படிவு எவ்வளவு கலக்கினாலும் மீண்டும் கரைவது கஷ்டம். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கால்சியம் டிரம்மின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சில மணி நேரத்தில் தண்ணீர் தெளிந்துவிடும். ஆனாலும் ராத்திரி முழுக்க பம்ப் ஓடட்டும். காற்றோடு நன்றாகக் கலந்து பி.ஹெச். நிலைப்பட அந்த நேரம் தேவை. காலையில் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். 35, அல்லது அடர்த்தி எண்ணில் 1.026 காட்ட வேண்டும். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதில் ஒரு காற்றுக் குமிழ் ஒட்டினாலே கணக்கு தப்பும். ரிஃப்ராக்டோமீட்டரையும் மாதம் ஒருமுறை, 35 என்று அளவு குறித்து விற்கும் கரைசலால் சரிபார்க்க வேண்டும்.

தொட்டியில் ஊற்றும் முன்பு இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றா என்று கவனியுங்கள். குளிர்நாட்டுக்காரர்களின் யூடியூப் வீடியோக்களில் டிரம்முக்குள் ஹீட்டர் போடச் சொல்வார்கள். நமக்குத் தலைகீழ் பிரச்சினை. தொட்டி 26 டிகிரியில் இருக்க, பால்கனி டிரம் மே மாதப் பிற்பகலில் 33-ஐத் தொட்டிருக்கும். ராத்திரியோ விடியற்காலையிலோ மாற்றுவது நல்லது.

டிரம்மை எங்கே வைப்பது?

மொட்டை மாடி வேண்டாம். வெயில் பட்டால் பாசி பிடிக்கும், சூடேறினால் கால்சியம் படியும். வீட்டுக்குள் இருட்டான மூலையோ, நிழல் விழும் சர்வீஸ் பால்கனியோ போதும். ஆனால் எடையை நினைவில் வையுங்கள். 200 லிட்டர் உப்புத் தண்ணீர் 200 கிலோவுக்கு மேல், அதாவது ஓரிடத்தில் நெருக்கி நிற்கும் மூன்று ஆட்கள், அதுவும் வருஷக் கணக்கில். தி.நகரில், மயிலாப்பூரில் நாற்பது வருஷப் பழைய ஃபிளாட்டுகள் ஏராளம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியின் ஓரத்தில் இவ்வளவு பாரத்தை ஏற்றாதீர்கள். ஃபிளாட்டில் ஐம்பது லிட்டர் டிரம் இரண்டு போதும். ஒன்றில் வெறும் ஆர்.ஓ. தண்ணீர், இன்னொன்றில் கலந்த தண்ணீர்.

பழைய நீல டிரம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்க வேண்டாம். அதில் முன்பு என்ன கெமிக்கல் இருந்தது என்பது விற்கிறவருக்கே தெரியாது. உணவுப் பொருளுக்கான புது டிரம்மாகப் பாருங்கள். பித்தளைக் குழாய் பொருத்தாதீர்கள், மறுபடியும் அதே செம்புதான். பிளாஸ்டிக் வால்வு போதும். வாளி, மக் எல்லாம் இதற்கென்று தனியாக இருக்கட்டும். பினாயில் பட்ட வாளி வேண்டவே வேண்டாம்.

மூடி வைத்தால் கலந்த தண்ணீர் இரண்டு மூன்று வாரம் நன்றாகவே இருக்கும். திறந்து வைத்தால் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஏறும், தூசியும் கொசுமருந்துப் புகையும் சேரும். பம்ப் எந்நேரமும் ஓட வேண்டியதில்லை, ஊற்றுவதற்கு முந்தின நாள் ஓடவிட்டால் போதும். பவளத்துக்கான, கார்பனேட் அதிகம் உள்ள கலவைகள் மட்டும் நாள்பட வைத்தால் படிந்துவிடும். அவற்றை அவ்வப்போது கலந்துகொள்ளுங்கள்.

உப்புத் தண்ணீரில் மின்சாரம் நன்றாகவே பாயும். பிளக் பாயின்ட் டிரம்முக்கு மேலே இருக்கட்டும். ஒயர் ஒரு வளைவு கீழே தொங்கிய பிறகு பிளக்குக்கு ஏற வேண்டும், அப்போதுதான் வழியும் சொட்டு பிளக்குக்குள் போகாது. அந்த லைனில் இ.எல்.சி.பி. இல்லையென்றால் தொட்டி வாங்கும் முன்பு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

குறைந்த தண்ணீருக்கு எதை ஊற்றுவது?

தொட்டியில் தண்ணீர் மட்டம் இறங்கினால் கை தானாகவே உப்புத் தண்ணீர் டிரம்முக்குப் போகும். அங்கேதான் தப்பு. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நிற்கிறது. ஃபேன் காற்று படும் தொட்டியில் வாரம் ஐந்து லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் கலந்த தண்ணீரை ஊற்றினால், வாரத்துக்கு 175 கிராம் உப்பு கூடுதலாகச் சேரும். நாலே வாரத்தில் 35 என்பது 42 ஆகிவிடும். ஆவியானதற்கு எப்போதும் வெறும் ஆர்.ஓ. தண்ணீர். அழுக்கை எடுக்க மாற்றும்போது மட்டும் கலந்த தண்ணீர். இரண்டு டிரம்மிலும் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். நீங்கள் ஊருக்குப் போயிருக்கும்போது தம்பியோ பக்கத்து வீட்டு ஆன்ட்டியோதான் ஊற்றப் போகிறார்கள்.

கலந்த தண்ணீர் எப்போதும் ஒரு டிரம் கைவசம் இருக்கட்டும் என்பதற்கு டிசம்பர் மாதமே காரணம். 2016 வர்தா, 2023 மிக்ஜாம் இரண்டிலும் பல இடங்களில் நாள் கணக்கில் கரன்ட் இல்லை. பம்ப் நின்றால் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் குறையும். ஒரு மீன் செத்தாலும் அம்மோனியா ஏறி மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அப்போது உடனே கால்வாசித் தண்ணீரை மாற்ற முடிந்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். கரன்ட் இல்லாதபோது ஆர்.ஓ. ஓடாது, புதிதாகக் கலக்கவும் முடியாது. புயல் எச்சரிக்கை வந்தவுடன் டிரம்மை நிரப்பிவிட்டு, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றையும் சார்ஜ் போட்டு வையுங்கள்.

தொட்டியை அலங்கரிக்கப் பவளத் துண்டுகளை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். பவளப் பாறைகளை உருவாக்கும் பவளங்களும் கடல் குதிரைகளும் 2001-ல் இருந்தே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மன்னார் வளைகுடாவில் இருந்து எடுத்து வந்ததை வீட்டில் வைத்திருந்தால் அது வழக்கு. பீங்கானில் செய்த செயற்கைப் பாறைகள் கிடைக்கின்றன, பாக்டீரியா குடியேற அவையே போதும்.

கடைசியாக, மாற்றிய பழைய தண்ணீர். பூந்தொட்டிக்கு ஊற்றினால் செடி கருகும். பால்கனியில் அப்படியே சாய்த்துவிடுவதும் சரியில்லை. 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான பிறகு, பல கட்டடங்களில் மொட்டை மாடி, பால்கனிக் குழாய்கள் சேகரிப்புக் குழிக்கோ பழைய கிணற்றுக்கோ திருப்பப்பட்டிருக்கின்றன. மாதம் 40 லிட்டர் உப்புத் தண்ணீர் அதே வழியாக உங்கள் அபார்ட்மென்ட்டின் நிலத்தடி நீருக்குப் போக வேண்டாம். உங்கள் பால்கனிக் குழாய் எங்கே முடிகிறது என்று பிளம்பரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால், டாய்லெட்டில் ஊற்றி ஃபிளஷ் பண்ணிவிடுங்கள்.